சின்ன மீன் தொட்டியில் ஆக்ஸிஜன் குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி: புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

முதல் முறையாகத் தொட்டி வைப்பவர்கள் எல்லோருக்கும் வரும் சந்தேகம், ஏர் பம்ப் கட்டாயமா இல்லையா என்பது. ஒருவர் அது இல்லாமல் மீன் பிழைக்கவே பிழைக்காது என்பார். இன்னொருவர் ஃபில்டர் ஓடினாலே போதும் என்பார். நான் ஆரம்பித்தபோது இந்த இரண்டு பதிலும் மாறி மாறி வந்தனவே தவிர, என் தொட்டிக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிக்கும் வழியை யாரும் சொல்லவில்லை. துண்டு துண்டாகச் சேர்த்துத் தெரிந்துகொள்ள நிறைய அலைய வேண்டியிருந்தது. அதனால்தான் இதை வரிசையாக எழுதி வைக்கிறேன். 100 லிட்டருக்குள் இருக்கும் நன்னீர்த் தொட்டிகளை மனதில் வைத்து எழுதியது இது.

ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன. தொட்டிக்குள் ஆக்ஸிஜன் நுழையும் முக்கிய வாசல் தண்ணீரின் மேற்பரப்பு. ஏர் ஸ்டோனிலிருந்து (ஏர் பம்பின் டியூப் முனையில் மாட்டும், நுண்துளைகள் உள்ள கல்) கிளம்பும் குமிழி மேலே வந்து சேர ஒரு நொடி, இரண்டு நொடிதான் ஆகிறது. அந்த நேரத்தில் அதிலிருந்து கரைவது கொஞ்சம்தான். குமிழியின் பெரிய வேலை வேறு: அடியில் கிடக்கும் ஆக்ஸிஜன் குறைந்த தண்ணீரை மேலே இழுத்து வருகிறது, மேலே வந்து உடையும்போது மேற்பரப்பைக் கலக்குகிறது. ஆகவே, குமிழி நிறைய வருகிறதா என்று பார்ப்பதைவிட, மேற்பரப்பு அசைகிறதா, அடித்தண்ணீர் மேலே வருகிறதா என்று பாருங்கள். ஃபில்டரே இந்த இரண்டையும் நன்றாகச் செய்தால் தனியாக ஏர் பம்ப் தேவையில்லை. செய்யாவிட்டால் தேவை.

1. தொட்டியின் மேற்பரப்பை அளந்து பாருங்கள்

தொட்டி வாங்கும்போது எல்லோரும் எத்தனை லிட்டர் என்றுதான் கேட்கிறார்கள். ஆக்ஸிஜனைப் பொறுத்தவரை நீளமும் அகலமும்தான் முதல் கணக்கு. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் உள்ள தொட்டியின் மேற்பரப்பு 1800 சதுர செ.மீ. அதே அளவு தண்ணீர் ஏறக்குறைய பிடிக்கும் உயரமான தொட்டி, அதாவது 30 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் என்றால் மேற்பரப்பு 900 சதுர செ.மீ.தான். பாதி. பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் அந்தத் தொட்டி பாதி மீன்களைத்தான் நிம்மதியாகத் தாங்கும். இன்னும் வாங்கவில்லை என்றால் உயரமானதை விட்டுவிட்டு நீளமானதை வாங்குங்கள்.

உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் இதில் மிக மோசம். 30 செ.மீ. விட்டமுள்ள கிண்ணத்தில் பாதி வரை தண்ணீர் ஊற்றினால் மேற்பரப்பு 700 சதுர செ.மீ. வரும். நிறைய தண்ணீர் இருந்தால் மீனுக்கு நல்லது என்று 15 செ.மீ. அகலமுள்ள கழுத்து வரை நிரப்பினால் 177 சதுர செ.மீ. மட்டுமே மிஞ்சும். தண்ணீர் கூடுகிறது, மூச்சு விடும் இடம் கால்வாசியாகச் சுருங்குகிறது. கிண்ணம்தான் இருக்கிறது, மாற்ற முடியாது என்றால், அது அகலமாக இருக்கும் மட்டத்துக்கு மேல் நிரப்பாதீர்கள்.

மூடி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மீன் துள்ளாமல் இருக்க மூடி வேண்டும். ஆனால் காற்று போய்வர இடைவெளியும் வேண்டும். பின்பக்கம் இரண்டு விரல் அகலம் திறந்திருந்தால் போதும்.

2. மீன்களின் கணக்கை முடிவு செய்யுங்கள்

பழைய கட்டைவிரல் கணக்கு ஒன்று இருக்கிறது. வெப்பநீர் மீன்களுக்கு (கப்பி, மோலி, டெட்ரா போன்றவை) வால் நீங்கலாக ஒரு செ.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 25 சதுர செ.மீ. மேற்பரப்பு. கோல்டுஃபிஷ்ஷுக்கு ஒரு செ.மீ. நீளத்துக்கு 60 சதுர செ.மீ.க்கு மேல். நம் 1800 சதுர செ.மீ. தொட்டியில் இது முறையே எல்லா மீன்களின் நீளத்தையும் கூட்டினால் 72 செ.மீ., 30 செ.மீ. என்று ஆகிறது. இதை உச்ச வரம்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் இதில் பாதியோடு நிறுத்துவதுதான் நல்லது.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. மீனின் நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. மூச்சுத் தேவை எடையைப் பின்தொடர்ந்து ஏறும். ஆகவே 3 செ.மீ. டெட்ரா ஐந்தும் 15 செ.மீ. மீன் ஒன்றும் சமம் என்று நினைத்துவிடாதீர்கள். வாங்கும்போது இருக்கும் நீளத்தை வைத்துக் கணக்குப் போடுவதும் இன்னொரு பொறி. கடையில் 4 செ.மீ. இருக்கும் கோல்டுஃபிஷ் வளர்ந்தால் 15 செ.மீ.க்கு மேலும் போகும். வளர்ந்தபின் வரும் அளவைக் கேட்டுக் கணக்குப் போடுங்கள்.

ஃபைட்டர் என்று சொல்லும் பெட்டாவும் கௌராமியும் மேலே வந்து காற்றை நேரடியாகக் குடிக்கக்கூடியவை. அதற்கான தனி உறுப்பு அவற்றுக்கு இருக்கிறது. இதை வைத்து, அவற்றுக்கு எதுவுமே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நான் இதை ஏற்கவில்லை. தண்ணீரில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்ஸிஜன் வேண்டுமே! மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவில் உள்ள ஒரு மில்லிகிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற அவை நாலரை மில்லிகிராம் ஆக்ஸிஜனைச் செலவழிக்கின்றன. அது கிடைக்காவிட்டால் அம்மோனியா தேங்கும். பெட்டா தொட்டியிலும் மெதுவான காற்றோட்டம் இருக்கட்டும். வேகமான நீரோட்டம்தான் அதற்கு ஆகாது.

3. கருவியைத் தேர்ந்தெடுங்கள்

60 லிட்டர் வரை உள்ள தொட்டிக்கு நான் முதலில் சொல்வது ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஒரு சிறிய ஏர் பம்பும்தான். பம்ப் தரும் காற்று ஸ்பாஞ்சின் நடுக்குழாய் வழியாக ஏறும்போது தண்ணீரையும் கூடவே இழுத்து வருகிறது. சுத்தம் செய்யும் வேலை, காற்று சேர்க்கும் வேலை இரண்டும் ஒரே பொருளில் முடிந்துவிடுகின்றன. இருக்கும் வழிகளில் மலிவானதும் இதுதான். குஞ்சு மீனும் இறாலும் உள்ளே இழுக்கப்படாது. பழுதாகும் ஒரே பொருள் பம்ப், அதுவும் தண்ணீருக்கு வெளியே இருக்கிறது.

தொட்டியின் ஓரத்தில் மாட்டும் ஹேங்-ஆன் ஃபில்டர் ஏற்கெனவே இருக்கிறதா? அது அருவி போலக் கொட்டும் இடத்தில் மேற்பரப்பு நன்றாகக் கலங்கினால் அதுவே போதும். தண்ணீர் மட்டத்தை இரண்டு மூன்று செ.மீ. குறைத்து வைத்தால் இன்னும் நன்றாகக் கலங்கும். உள்ளே மூழ்கி ஓடும் பவர் ஃபில்டர் என்றால் வெளியேற்றும் வாயை மேற்பரப்பை நோக்கித் திருப்பி வையுங்கள். பலர் அதை ஆழமாக இறக்கி, அடிக்கு நேராகத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். ஃபில்டர் முழு வேகத்தில் ஓடும், மேற்பரப்போ குட்டை மாதிரி அசையாமல் கிடக்கும். வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டருக்கும் இதே விதிதான்: தண்ணீர் பீய்ச்சும் துளைக்குழாய் மேற்பரப்பை ஒட்டி இருக்க வேண்டும்.

அலங்காரத்துக்கு விற்கும் திறந்து மூடும் சிப்பி, குமிழி விடும் பொம்மை போன்றவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை விட்டுவிட்டு ஒரு பெரிய குமிழியை அனுப்பும், தண்ணீரை அவ்வளவாகத் தூக்காது.

ஆக்ஸிஜன் மாத்திரை, தூள் என்று விற்பவையும் தினசரிப் பயன்பாட்டுக்கு வேண்டாம். சோடியம் பெர்கார்பனேட் உள்ளவை கரையும்போது ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் சோடியம் கார்பனேட்டையும் விடுகின்றன. இரண்டாவது பொருள் பி.எச். அளவை ஏற்றிவிடும்.

4. வாங்கும் முன் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

ஏர் பம்ப் பெட்டியில் “80 லிட்டர் தொட்டி வரை” என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். பின்பக்கம் சின்ன எழுத்தில் மூன்று எண்கள் இருக்கும். அவைதான் உங்களுக்கு வேண்டியவை.

முதலாவது, காற்றின் அளவு. நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் அல்லது மணிக்கு இத்தனை லிட்டர் என்று இருக்கும். மணிக்கணக்கு என்றால் 60ஆல் வகுத்துப் பாருங்கள். 60 லிட்டர் வரையான தொட்டிக்கு நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர் காற்று தாராளம். இந்த எண் டியூபும் ஸ்டோனும் மாட்டாமல் அளந்ததாக இருக்கும். மாட்டியபின் குறையும்.

இரண்டாவது, அழுத்தம். மெகாபாஸ்கல் என்ற அலகில் 0.01, 0.012 என்று போட்டிருப்பார்கள். 0.01 மெகாபாஸ்கல் என்பது ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரின் எடைக்குச் சமம். 40 செ.மீ. ஆழமுள்ள தொட்டிக்கு 0.004 போதுமே என்று தோன்றும். ஆனால் ஏர் ஸ்டோனும் வால்வும் தனியாகத் தடை கொடுக்கும். இரண்டு மடங்கு இருந்தால்தான் நல்லது.

மூன்றாவது, வாட். சிறிய பம்புகள் 2 முதல் 5 வாட்டுக்குள் இருக்கும். 3 வாட் பம்ப் மாதம் முழுக்க, இரவு பகல் நிறுத்தாமல் ஓடினால் ஏறக்குறைய 2.2 யூனிட்தான் செலவாகும். மின்கட்டணத்தை நினைத்து இதை நிறுத்தி நிறுத்தி ஓட்டத் தேவையே இல்லை.

பில்லையும் உத்தரவாத அட்டையையும் பத்திரமாக வையுங்கள். பம்புக்குள் அதிர்ந்து காற்றைத் தள்ளும் ரப்பர் சவ்வான டயாஃப்ரம் தேயும் பொருள். மாற்று டயாஃப்ரம் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். கிடைக்கும் மாடலை, விலை சற்றுக் கூடினாலும், வாங்குவதுதான் கடைசியில் லாபம்.

கூடவே வாங்க வேண்டியவை: டியூப் (பெரும்பாலும் 4 மி.மீ. உள்விட்டம்தான் எல்லாக் கருவிக்கும் பொருந்தும்), ஒரு செக் வால்வு (காற்றைத் தொட்டிப் பக்கம் விட்டு, தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது), காற்றைப் பிரித்துவிடும் ஒரு கட்டுப்பாட்டு வால்வு, உபரியாக ஒரு ஏர் ஸ்டோன். செக் வால்வை விட்டுவிடாதீர்கள். இருப்பதிலேயே மலிவான பொருள் அது. இல்லாவிட்டால் வரும் நஷ்டம் பெரிது.

5. பொருத்துங்கள்

பம்பை முடிந்தவரை தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். அலமாரித் தட்டு, சுவரில் ஒரு கொக்கி, எதுவானாலும் சரி. காரணம் இதுதான்: பம்ப் கீழே இருந்து, கரண்ட் நின்றால், டியூபில் தண்ணீர் ஏறி, பின்னாலேயே இறங்கி, பம்புக்குள் புகுந்து தரைக்கு வழியும். டியூபின் முனை தொட்டியின் அடி வரை போவதால் தொட்டியில் பெரும்பகுதித் தண்ணீர் காலியாகிவிடும். பக்கத்தில் மின்சாரம் வேறு.

கீழேதான் வைக்க இடம் இருக்கிறது என்றால் செக் வால்வு கட்டாயம். மேலே வைத்தாலும் போடுவது நல்லது. அதைத் திசை மாற்றிப் பொருத்தினால் காற்றே வராது. எந்தப் பக்கம் எது என்று வாயால் ஊதிப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் வாய் வைத்து ஊதினால் காற்று உள்ளே போகிறதோ, அந்தப் பக்கம் பம்பை நோக்கி இருக்க வேண்டும். வால்வைத் தொட்டியின் விளிம்புக்குப் பக்கத்தில், டியூபின் நடுவே பொருத்துங்கள். பொருத்தியதும் பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். டியூபில் தண்ணீர் வால்வைத் தாண்டி வரக்கூடாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் தொட்டியை விட்டு நகராதீர்கள்.

மின்கம்பி பிளக்குக்குப் போகும் வழியில் பிளக் பாயின்ட்டைவிடக் கீழே ஒரு முறை தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். கம்பி வழியாக வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

ஏர் ஸ்டோனை மாட்டும் முன் தண்ணீரில் சிறிது நேரம் ஊறவையுங்கள். காய்ந்த ஸ்டோனில் ஒரு பக்கம் மட்டும் பெரிய குமிழியாக வரும். மரத்தால் செய்த ஸ்டோன் இன்னும் அதிக நேரம் ஊற வேண்டும். தொட்டியின் ஒரு ஓரத்தில், ஃபில்டரிலிருந்து எதிர்ப்பக்கம், அடிக்குச் சற்று மேலே வையுங்கள். மணலுக்குள் புதைத்தால் கழிவைக் கிளப்பித் தண்ணீரைக் கலங்கலாக்கும்.

பம்பின் இரைச்சல் பெரிய பிரச்சினை. இது ஏதோ சின்னத் தொந்தரவு என்று நான் ஒதுக்கமாட்டேன். தூங்கும்போது இரைகிறது என்றுதான் பல வீடுகளில் இரவில் பம்பை நிறுத்துகிறார்கள். மீனுக்கு அது மிகத் தேவைப்படும் நேரமும் அந்த இரவுதான். ஆகவே இரைச்சலை முதல் நாளே குறைத்துவிடுங்கள். பம்பைத் தடிமனான ஸ்பாஞ்ச் மேல் வையுங்கள், சுவரையோ தொட்டியையோ தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், டியூப் எதையும் உரசாமல் இருக்கட்டும். பெட்டிக்குள் அடைத்து மூடக்கூடாது. சூடாகி டயாஃப்ரம் சீக்கிரம் போய்விடும்.

6. காற்றின் அளவைச் சரிசெய்யுங்கள்

தண்ணீரின் மேற்பரப்பு முழுவதும் மெல்லிய அலை ஓட வேண்டும். எந்த மூலையிலும் தூசியோ எண்ணெய்ப் படலமோ அசையாமல் தேங்கக்கூடாது. அவ்வளவுதான் அளவுகோல். மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஓயாமல் நீந்திக்கொண்டே இருந்தாலோ, ஒரே மூலையில் ஒதுங்கினாலோ காற்று அதிகம்.

குறைக்கும்போது ஒரு தவறான வழி உண்டு: டியூபைக் கிளிப் போட்டு நசுக்குவது, அல்லது வால்வை இறுக்கி மூடுவது. உள்ளே அழுத்தம் ஏறி டயாஃப்ரம் கிழியும். அதிகப்படியான காற்றை வேறு வழியில் வெளியே விடுங்கள். கட்டுப்பாட்டு வால்வில் இரண்டு வாய் இருந்தால் ஒன்று தொட்டிக்குப் போகட்டும், மற்றொன்றைத் தேவையான அளவு அறைக்காற்றில் திறந்துவிடுங்கள். இரண்டு வாய் உள்ள பம்பிலும் பயன்படுத்தாத வாயை அடைக்காதீர்கள்.

எண்ணெய்ப் படலம் படிந்திருந்தால் ஒரு டிஷ்யூ தாளை மேற்பரப்பில் விரித்து மெதுவாக இழுத்து எடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் போய்விடும். திரும்பத் திரும்ப வந்தால், தீனி அதிகமாகப் போடுகிறீர்கள் அல்லது மேற்பரப்பு போதுமான அளவு அசையவில்லை என்று அர்த்தம்.

7. செடி இருந்தால்

பகலில் வெளிச்சம் இருக்கும்வரை செடி ஆக்ஸிஜன் தரும். விளக்கை அணைத்ததும் அதுவும் மீனோடு சேர்ந்து ஆக்ஸிஜனை எடுக்க ஆரம்பிக்கும். அதனால் ஒரு நாளின் மிகக் குறைந்த அளவு விடியும் முன் வரும். செடி நிறைய இருக்கிறது, பம்ப் வேண்டாம் என்று முடிவு செய்யும் முன், விடியற்காலையில் விளக்கைப் போடாமல் மீன்களைப் பாருங்கள்.

கார்பன் டை ஆக்ஸைடு செலுத்துபவர்கள் விளக்கை அணைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அதை நிறுத்திவிடுங்கள். இரவில் ஏர் பம்ப் ஓடட்டும். இரண்டுக்கும் ஒரே டைமர் போடாமல் தனித்தனி டைமர் போடுங்கள். மிதக்கும் செடிகள் மேற்பரப்பில் பாதிக்கு மேல் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழுகும் இலையை அன்றன்றே எடுத்துவிட வேண்டும்.

8. வெயில் காலத்துக்குத் தயாராகுங்கள்

தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். கடல் மட்டத்தில், முழுதும் நிறைந்த நன்னீரில், 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம், 25 டிகிரியில் 8.3, 30 டிகிரியில் 7.6. மலைப்பகுதியில் காற்றழுத்தம் குறைவு என்பதால் இதைவிடவும் குறையும். இந்த எண்களைப் பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் அதே சூட்டில் மீனின் மூச்சுத் தேவை ஏறுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பாக்டீரியாவும் வேகமாக வேலை செய்து ஆக்ஸிஜனைத் தின்னும். வரவு குறைந்து செலவு கூடும் காலம் அது.

அந்த நாட்களில் தீனியைக் குறையுங்கள். விளக்கு எரியும் நேரத்தைக் குறையுங்கள். மூடியைத் திறந்து வலை போட்டு, ஒரு சிறிய மின்விசிறியை மேற்பரப்பின் மேல் வீச விட்டால் தண்ணீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியான தண்ணீரை அவ்வப்போது நிரப்புங்கள். ஐஸ் கட்டியை நேராகத் தொட்டியில் கொட்டுவது வேண்டவே வேண்டாம். திடீர்க் குளிர்ச்சி மீனை வீழ்த்திவிடும். வேறு வழியில்லாதபோது மூடிய பையில் போட்டு மிதக்கவிட்டு, வெப்பமானியைப் பார்த்து மெதுவாக இறக்குங்கள்.

9. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால்

எல்லா மீன்களும் மேற்பரப்பில் வரிசையாக நின்று வாயைத் திறந்து திறந்து மூடினால், அதுவும் காலையில் என்றால், ஆக்ஸிஜன் குறைவை முதலில் சந்தேகியுங்கள். செவுள் வேகமாக அடிப்பது, ஃபில்டர் கொட்டும் இடத்தில் கூட்டமாக நிற்பது, தீனிக்கு வராமல் இருப்பது எல்லாம் இதன் முன் அறிகுறிகள். பெட்டாவும் கௌராமியும் மேலே வந்துபோவது இயல்பு. கோரிடோராஸ் மீன் சட்டென்று மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்குவதும் இயல்பே. ஒரே ஒரு மீன் மட்டும் திணறினால் அதன் செவுளில் நோய் இருக்கலாம்.

உடனே செய்ய வேண்டியது:

மூடியைத் திறங்கள். தீனி போடாதீர்கள். ஏர் பம்பை முழு அளவில் வையுங்கள், ஃபில்டர் வாயை மேற்பரப்புக்குத் திருப்புங்கள். ஒரு சுத்தமான மக்கில் தொட்டித் தண்ணீரையே எடுத்து, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். சோப்பு பட்ட மக் ஆகாது. அப்புறம், கால்வாசித் தண்ணீரை, அதே வெப்பநிலையில் உள்ள குளோரின் நீக்கிய தண்ணீரால் மாற்றுங்கள்.

அரை மணி நேரத்துக்குள் மீன்கள் கீழே இறங்கினால் ஆக்ஸிஜன்தான் பிரச்சினை. நன்றாகக் காற்று கொடுத்தும் இறங்கவில்லை என்றால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதனை செய்யுங்கள். நைட்ரைட் மீனின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கவிடாமல் தடுக்கும். தண்ணீரில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருந்தாலும் மீன் திணறும். செவுள் பழுப்பு நிறமாகத் தெரிவது அதன் அடையாளம். இதைத் தெரியாமல் பம்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர்.

திணறலுக்கான காரணத்தையும் தேடுங்கள். மறைவில் செத்துக் கிடக்கும் மீன், மிச்சத் தீனி, வெள்ளையாகக் கலங்கிய தண்ணீர் (பாக்டீரியா பெருகிவிட்டது என்று அர்த்தம்), அடைத்த ஃபில்டர், புதிதாகப் போட்ட மருந்து. ஃபார்மலின் உள்ள மருந்துகள் தண்ணீரின் ஆக்ஸிஜனைக் குறைக்கும். எந்த மருந்து போட்டாலும் அந்த நாட்களில் காற்றைக் கூட்டி வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிலத்தடியிலிருந்து நேராக வரும் தண்ணீரில் பெரும்பாலும் ஆக்ஸிஜன் குறைவாகவும் கார்பன் டை ஆக்ஸைடு கூடுதலாகவும் இருக்கும். வாளியில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் ஓடவிட்டு, அப்புறம் தொட்டிக்கு மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இப்படி ஒரு நாளில் பெரும்பாலும் வெளியேறும். குளோரமின் கலந்த தண்ணீர் என்றால் வெளியேறாது, அதற்கு மருந்துதான் போட வேண்டும்.

இன்னொன்று. வெகுநேரம் பையில் பயணம் செய்து வந்த புது மீன் பாவம் திணறுகிறதே என்று பையைத் திறந்து அதற்குள் ஏர் ஸ்டோன் போடாதீர்கள். பையில் சேர்ந்திருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும், பி.எச். ஏறும், அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா நச்சாக மாறும். பையைக் கட்டியபடியே மிதக்கவிட்டு வெப்பநிலை சமமானதும் திறந்து, அதிகம் தாமதிக்காமல், பைத் தண்ணீர் தொட்டியில் விழாமல் வலையில் எடுத்து விடுங்கள்.

10. கரண்ட் போகும் நாளுக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்

மீன் குறைவாக இருக்கும் தொட்டி பல மணி நேரம் தாங்கும். நெருக்கமாக இருக்கும் தொட்டிக்கு, அதுவும் வெயில் நேரத்தில், அவ்வளவு அவகாசம் கிடையாது.

பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். கரண்ட் நின்றதும் தானாக ஓட ஆரம்பிக்கும் வகை கிடைத்தால், வீட்டில் ஆள் இல்லாத நேரத்துக்கும் அது உதவும். யு.எஸ்.பி. பம்பைப் பவர் பேங்கில் மாட்டுவது இன்னொரு எளிய வழி. 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்றில், இழப்புகள் போக, ஏறக்குறைய 25 வாட்-மணி கிடைக்கும். 1 வாட் பம்பை ஒரு நாள் முழுக்க ஓட்டலாம், 2 வாட் பம்பை 12 மணி நேரம். ஆனால் ஒரு பொறி இருக்கிறது: மிகக் குறைந்த மின்சாரம் இழுக்கும் கருவியை மாட்டினால், எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் சில நிமிடங்களில் தானாக அணைந்துவிடும். கரண்ட் இருக்கும் ஒரு நாளில் ஒரு இரவு முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

இது எதுவும் கையில் இல்லாவிட்டால் மக்தான். 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை சில மக் எடுத்து ஊற்றுங்கள். தீனி போடாதீர்கள், விளக்கைத் தொடாதீர்கள்.

கரண்ட் வந்ததும் கேனிஸ்டர் ஃபில்டரை அப்படியே ஓடவிடாதீர்கள். மூடிய பெட்டிக்குள் சில மணி நேரம் தண்ணீர் நின்றிருந்தால் உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்து, பாக்டீரியா சாக ஆரம்பித்திருக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உள்ளிருக்கும் பொருட்களைத் தொட்டித் தண்ணீரில் அலசி, பிறகு ஓட்டுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர் திறந்த தண்ணீரிலேயே இருப்பதால் அதற்கு இந்தப் பிரச்சினை குறைவு.

11. எதை எப்போது பார்ப்பது

வாரம் ஒருமுறை: கால்வாசித் தண்ணீரை மாற்றும்போது அடியில் சேர்ந்த கழிவைச் சேர்த்து உறிஞ்சி எடுங்கள். குமிழியின் அளவு போன வாரம் போலவே இருக்கிறதா என்று பாருங்கள்.

மாதம் ஒருமுறை: ஸ்பாஞ்சை, மாற்றுவதற்காக எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து அலசுங்கள். குளோரின் உள்ள குழாய்த் தண்ணீரில் கழுவினால் பாக்டீரியா போய்விடும். ஏர் ஸ்டோனைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். அப்படியும் குமிழி சரியாக வராவிட்டால் புதிது போடுங்கள். அடைத்த ஸ்டோன்தான் பம்பைக் கெடுக்கும் முதல் எதிரி. பம்பின் அடியில் காற்று இழுக்கும் இடத்தில் ஒரு சின்னத் துணி வடிகட்டி இருந்தால் அதன் தூசியையும் தட்டுங்கள்.

வருடம் ஒருமுறை: டயாஃப்ரத்தையும் செக் வால்வையும் மாற்றுங்கள். டியூபின் முனை விறைத்துப்போயிருந்தால் இரண்டு செ.மீ. வெட்டிவிட்டு மாட்டுங்கள்.

எண்ணாகவே தெரிந்துகொள்ள விரும்பினால் கரைந்த ஆக்ஸிஜனை அளக்கும் சொட்டு மருந்துப் பெட்டி கிடைக்கிறது. மின்னணு அளவுகருவி விலை அதிகம், ஒரு சின்னத் தொட்டிக்கு அது தேவையில்லை. இரண்டு முறை அளக்க வேண்டும்: விடியற்காலையில் விளக்கைப் போடும் முன் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. லிட்டருக்கு 6 மில்லிகிராமும் அதற்கு மேலும் என்றால் நல்லது. காலையில் 5க்குக் கீழே இறங்கினால் காற்றைக் கூட்டுங்கள் அல்லது மீனைக் குறையுங்கள். 4க்குக் கீழே என்றால் ஒன்பதாவது படியில் சொன்னதை அன்றே செய்யுங்கள். தேதி, நேரம், தண்ணீரின் வெப்பநிலை, கிடைத்த எண் என நான்கையும் ஒரு நோட்டில் எழுதி, பில்லையும் உத்தரவாத அட்டையையும் அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். டயாஃப்ரம் மாற்றிய தேதியை மட்டும் பம்பின் அடியிலும் ஒட்டி வையுங்கள்.